பக்கப்பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்: எப்படிச் செய்துகொள்வது, அறிக்கையை எப்படிப் படிப்பது

ஃபீல்டு டெஸ்ட் முடித்து வெளியே வருபவர்கள் பெரும்பாலும் முகம் வாடித்தான் வருகிறார்கள். “பாதிப் புள்ளி தெரியவே இல்லை” என்பார்கள். தெரியாததில் தவறே இல்லை. பாதி தெரியாமல் போகும்படிதான் அந்தச் சோதனையே அமைக்கப்பட்டிருக்கிறது. கருவி ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டி, உங்களுக்குப் பாதித் தடவை தெரிந்து பாதித் தடவை தெரியாமல் போகிற அளவு எதுவென்று தேடுகிறது. இருபது வயதில் குறையில்லாத கண்ணோடு வந்து உட்காருபவருக்கும் இதேதான் நடக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தெரியாத புள்ளியைத் தேடிக் கண் அலைகிறது; பயத்தில் விரல் பட்டனைச் சும்மா அழுத்துகிறது; அறிக்கை கெட்டுப்போகிறது. இந்தச் சோதனையின் தரம் பாதி கருவியிடம் இருக்கிறது, மீதி உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதை அளக்கிறார்கள்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேரே ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை அசைக்காமலேயே அந்தப் புள்ளியைச் சுற்றி எவ்வளவு தெரிகிறதோ அதுதான் பார்வைப்புலம். நல்ல கண்ணுக்கு இது மேலே சுமார் 60 டிகிரி, மூக்குப் பக்கம் 60, கீழே 70 முதல் 75, காதுப் பக்கம் 90 டிகிரிக்குச் சற்று மேல் வரை விரிகிறது. எல்லா இடத்திலும் ஒரே கூர்மை இருக்காது. நடுவில் மிக மங்கலான ஒளிகூடத் தெரியும். ஓரத்துக்குப் போகப்போகப் பிரகாசமான ஒளி தேவைப்படும். கண் மருத்துவர்கள் இதை நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும் ஒரு குன்றாக வரைவார்கள். குன்றின் உயரம் எங்கே எவ்வளவு என்று அளப்பதுதான் ஃபீல்டு டெஸ்ட்.

அந்தக் குன்றில் இயற்கையாகவே ஒரு பள்ளம் உண்டு. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. நடுப்புள்ளியிலிருந்து காதுப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி தள்ளி, ஒன்றரை டிகிரி கீழே, ஏறக்குறைய 5.5 டிகிரி அகலமும் 7.5 டிகிரி உயரமும் கொண்ட குருட்டுப் புள்ளி அது. எல்லோருக்கும் உண்டு. அறிக்கையில் வலது கண்ணுக்கு வலப்புறமும் இடது கண்ணுக்கு இடப்புறமும் ஒரு கரும்புள்ளியாகத் தெரிவது இதுதான். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய.

இந்தப் பள்ளம் இருப்பதை நாம் அன்றாடம் உணர்வதே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கண்ணுக்குத் தெரியாததை மறு கண் பார்த்துவிடுகிறது. மிச்சத்தை மூளை சுற்றுப்புறத்தை வைத்து நிரப்பிவிடுகிறது. நோயால் வரும் பள்ளங்களும் அப்படித்தான். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயில் பார்வை போகும் இடம் கறுப்பாகத் தெரிவதில்லை. அங்கே இருக்கும் பொருள் வெறுமனே இல்லாமல் போகிறது, அல்லது மங்கலாகிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்க முடிகிறவருக்கும் பக்கப்பார்வையில் பெரிய இழப்பு இருக்கலாம். “எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது” என்பது இந்தச் சோதனையைத் தவிர்க்கக் காரணம் ஆகாது.

1889இல் டென்மார்க்கைச் சேர்ந்த யானிக் பியெர்ரும் தன் மருத்துவ அறைக் கதவின் பின்புறத்தையே திரையாக்கி, சிறு வெள்ளைப் பொருளை நகர்த்தி நோயாளிகளின் பார்வைப்புலத்தை அளந்தார். 1945இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் கிண்ண வடிவக் கருவியை உருவாக்கினார். இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் இருப்பது கணினி இயக்கும் கிண்ணம். அதிலும் ஹம்ஃப்ரி கருவிதான் மிகப் பரவலானது. கீழே சொல்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

போவதற்கு முன்

தூக்கம் கெட்ட மறுநாளோ, காய்ச்சலோடோ, பசியோடோ இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள். தேதியை மாற்றிக்கொள்வது மேல். காலையில் சுறுசுறுப்பாக இருப்பவர் என்றால் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

தற்போதைய கண்ணாடியையும் பவர் எழுதிய சீட்டையும் எடுத்துப்போங்கள். சோதனையின்போது உங்கள் கண்ணாடியைப் போடமாட்டார்கள். மெல்லிய விளிம்புள்ள தனி லென்ஸைக் கருவியில் பொருத்துவார்கள். கிண்ணத்தின் சுவர் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதால், தூரப் பார்வைக்கான பவரோடு வயதுக்கேற்பக் கிட்டப்பார்வைப் பவரைக் கூட்ட வேண்டும். 40 முதல் 44 வயதுக்குச் சுமார் +1.50, அறுபதைத் தாண்டியவர்களுக்கு +3.25 கூடுதலாக வரும். பவர் ஒரு டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) தவறினாலே அளவு ஒரு டெசிபெலுக்குச் (இந்தச் சோதனையில் ஒளியுணர்வை அளக்கும் அலகு) சற்று மேல் குறைந்து காட்டும். பழைய சீட்டைக் கொடுத்தால் இல்லாத இழப்பு அறிக்கையில் ஏறிவிடும் என்று அர்த்தம். மைனஸ் பவர் மிக அதிகம் உள்ளவர்கள் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே செய்யலாமா என்று கேளுங்கள். தடித்த லென்ஸின் விளிம்பு தரும் தொல்லை அதில் இல்லை.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே ஃபீல்டு டெஸ்ட் முடிந்துவிடுவது நல்லது. கண் அழுத்தம் பார்க்க விடும் மருந்தும் பிறகே இருக்கட்டும். கண்மணியின் அகலம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் முழுப் புலமும் மங்கலாக வரக்கூடும். கண்மணியைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்து விடுகிறவர்களுக்கு இது நேரும். எப்படியானாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே நிலையில் செய்வதுதான் முக்கியம். போன வருடம் விரித்து, இந்த வருடம் விரிக்காமல் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

மேல்இமை தொங்கி இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். காகித டேப் ஒட்டி இமையைத் தூக்கி வைத்துவிட்டுச் செய்வார்கள். சொல்லாவிட்டால் புலத்தின் மேல்பகுதி முழுக்க இழப்பாகப் பதிவாகும்.

கருவியின் முன் உட்காரும்போது

ஐந்து நிமிடமாவது அசையாமல் உட்கார வேண்டும் என்பதால் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். கழுத்தை நீட்டவோ முதுகை வளைக்கவோ தேவையில்லாமல் தாடை தானாகத் தாங்கியில் அமர வேண்டும். நெற்றி பட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் நெற்றி பின்னால் நகர்ந்தால் லென்ஸிலிருந்து கண் விலகி, லென்ஸின் விளிம்பே புள்ளிகளை மறைக்கத் தொடங்கிவிடும். லென்ஸ் கண்ணுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில், இமை மயிர் உரசாத தூரத்தில் இருக்க வேண்டும். முகக்கவசம் அணிந்திருந்தால் மேல்விளிம்பை டேப்பால் ஒட்டிவிடச் சொல்லுங்கள்; மூச்சுக்காற்று லென்ஸில் பனிபோல் படிந்துவிடும்.

ஒரு கண்ணை மறைப்பார்கள். மறைப்புக்கு உள்ளே அந்தக் கண் திறந்தே இருக்கட்டும். இறுக்கி மூடினால் பார்க்கிற கண்ணின் இமையும் சேர்ந்து சுருங்கும்.

நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். சோதனை முடியும் வரை பார்வை அதை விட்டு நகரக்கூடாது. தொடக்கத்தில் சில சமயம் அதற்குக் கீழே நான்கு சிறு விளக்குகள் வரும். அப்போது அவற்றின் நட்ட நடுவைப் பாருங்கள். நடுப்பார்வை குறைந்து மஞ்சள் விளக்கே தெரியாதவர்கள் டெக்னீஷியனிடம் சொன்னால் நான்கு விளக்குக் குறியை வைத்தே சோதனை முழுவதையும் நடத்துவார்கள்.

ஓரத்தில் ஒளிப்புள்ளி வந்துபோகும். அது 0.2 விநாடிதான் நிற்கும். கண்ணைத் திருப்பித் தேடுவதற்குள் போய்விடும். ஆகவே தேடுவதில் பயனே இல்லை. தெரிந்தது போலத் தோன்றினால் அழுத்துங்கள், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி. உறுதியாகத் தெரிந்தால்தான் அழுத்துவேன் என்று காத்திருப்பவருக்கு அளவுகள் உண்மையைவிடக் குறைந்து வரும். ஒன்றுமே தெரியாதபோது, ‘இந்நேரம் வந்திருக்கும்’ என்று கணக்குப்போட்டு அழுத்துவது அதைவிட மோசம். கருவிக்குள் கேட்கும் ஓசைக்கோ, ஒரே தாளத்துக்கோ விரல் பழகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் சிமிட்டலாம், சிமிட்ட வேண்டும். நிறையப் பேர் சிமிட்டாமல் முறைத்துப் பார்த்துக் கண் காய்ந்து எரிந்து நீர் வடியும் நிலைக்குப் போகிறார்கள். சிமிட்டச் சிறந்த நேரம் பட்டனை அழுத்தும் அதே கணம். நடுவில் கிண்ணம் முழுக்கச் சாம்பல் நிறமாகி இருண்டுவிட்டதுபோலத் தோன்றினால் பதற வேண்டாம். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாலும் மறு கண் மறைக்கப்பட்டிருப்பதாலும் வருவது அது. இரண்டு முறை சிமிட்டினால் போய்விடும். களைப்பாக இருந்தால் ஹம்ஃப்ரியில் பட்டனை அழுத்திப் பிடித்தாலே சோதனை நின்றுவிடும், விட்டால் தொடரும். இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒரு கண் முடிந்ததும் சில நிமிடம் எழுந்து நடந்துவிட்டு மறு கண்ணுக்கு உட்காருங்கள். இல்லாவிட்டால் இரண்டாவதாகச் செய்த கண் களைப்பினாலேயே மோசமாக வரும்.

அறிக்கையைப் படிப்பது

கையில் காகிதம் வந்ததும் எல்லோர் கண்ணும் போவது கறுப்பும் சாம்பலுமான படத்துக்கு. அதைக் கடைசியாகப் பாருங்கள். அந்தப் படம், அளந்த சில இடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணினி தானாக நிரப்பி வரைந்தது. வயதைக் கணக்கில் எடுப்பதில்லை. கண்புரை இருந்தால் முழுப் படமும் கறுத்துவிடும்.

முதலில் மேல்வரிசை: பெயர், பிறந்த தேதி, எந்தக் கண், எந்த லென்ஸ், கண்மணி அகலம். பிறந்த ஆண்டு தவறாக ஏறியிருந்தால் ஒப்பீடு முழுவதும் தவறு, ஏனென்றால் உங்கள் எண்களை உங்கள் வயதுக்காரர்களின் எண்களோடுதான் கருவி ஒப்பிடுகிறது. அங்கேயே 24-2, 30-2, 10-2 என்று ஒரு குறி இருக்கும். 24-2 என்றால் நடுவிலிருந்து 24 டிகிரி வரை, மூக்குப் பக்கம் மட்டும் 30 வரை, 6 டிகிரி இடைவெளியில் 54 புள்ளிகள். 30-2இல் 76 புள்ளிகள். 10-2இல் நடு 10 டிகிரிக்குள் மட்டும் 2 டிகிரி இடைவெளியில் 68 புள்ளிகள். பக்கப்பார்வைச் சோதனை என்கிறோம், ஆனால் 90 டிகிரி வரை விரியும் புலத்தில் 24 டிகிரியோடு நிறுத்திவிடுகிறார்களே என்று கேட்கலாம். கிளாக்கோமாவின் தொடக்கச் சேதம் பெரும்பாலும் இந்த 30 டிகிரிக்குள்தான் முதலில் தெரிகிறது. அதற்கு வெளியே ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அளவுகள் மிகவும் மாறுகின்றன. காரணம் அதுதான்.

அடுத்தது நம்பகத்தன்மை. இங்கே மூன்று எண்கள் உண்டு. ஃபிக்சேஷன் லாஸ் என்பது பார்வை நடுவைவிட்டு நகர்ந்த தடவைகள். உங்கள் குருட்டுப் புள்ளி இருக்கும் இடத்தில் கருவி வேண்டுமென்றே ஒளியைக் காட்டும். தெரிந்ததாக அழுத்தினால் கண் நகர்ந்திருக்கிறது என்று கணக்கு. 20 சதவீதத்துக்கு மேல் போனால் கருவி குறியிட்டுக் காட்டும். ஆனால் தொடக்கத்தில் குருட்டுப் புள்ளியின் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காவிட்டாலோ, தலை சற்றுச் சாய்ந்துவிட்டாலோ ஒழுங்காகப் பார்த்தவருக்கும் இந்த எண் ஏறிவிடும். அதனால் இதை மட்டும் வைத்து அறிக்கையைத் தூக்கி எறியக்கூடாது. ஃபால்ஸ் பாசிட்டிவ் என்பது ஒளி வராத நேரத்தில் அழுத்தியது. மூன்றில் மிக ஆபத்தானது இதுதான். 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அறிக்கையை நம்பாமல் மீண்டும் எடுப்பதே சரி, ஏனென்றால் இது நோயை மறைத்துவிடும். எண் வரைபடத்தில் மனிதக் கண்ணுக்கு எட்டாத 40க்கு மேற்பட்ட அளவுகளும், சாம்பல் படத்தில் வெள்ளைத் திட்டுகளும் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஃபால்ஸ் நெகட்டிவ் என்பது முன்பு மங்கலான ஒளி தெரிந்த அதே இடத்தில், அதைவிடப் பிரகாசமான ஒளிக்கு அழுத்தாமல் விட்டது. களைப்பைக் காட்டும், ஆனால் நோய் முற்றிய கண்ணில் நோயினாலேயே இது கூடும். சீட்டா ஃபாஸ்டர் என்ற, சுமார் இரண்டே நிமிடத்தில் முடியும் புதிய முறையில் மூன்றாவது எண் கிடையாது. குருட்டுப் புள்ளிச் சோதனைக்குப் பதில் கண் அசைவைக் கேமரா தொடர்கிறது. காகிதத்தின் அடியில் ஓடும் கோட்டில் மேல்நோக்கிய கீற்றுகள் கண் நகர்ந்ததையும், கீழ்நோக்கிய கீற்றுகள் சிமிட்டலையோ கேமராவுக்குக் கண் பிடிபடாததையோ குறிக்கின்றன.

பிறகு எண் வரைபடம். ஒவ்வோர் எண்ணும் டெசிபெல். இங்கே எண் பெரிதாக இருந்தால் நல்லது: அவ்வளவு மங்கலான ஒளியும் தெரிந்திருக்கிறது. 0 என்றால் கருவியின் உச்ச வெளிச்சமான 10,000 அப்போஸ்டில்ப் (வெளிச்சத்தின் அலகு) மட்டுமே தெரிந்தது. 0க்கு முன்னால் ‘குறைவு’ குறி இருந்தால் அதுவும் தெரியவில்லை. நல்ல கண்ணில் நடுவில் முப்பதைத் தாண்டி இருக்கும், ஓரத்தில் குறையும். வயது கூடக்கூடப் பத்தாண்டுக்கு ஒரு டெசிபெலுக்கும் சற்றுக் குறைவாக இறங்குவது இயல்பு. 20 டெசிபெலுக்குக் கீழே போன இடங்களில் அதே ஆள் அடுத்த வாரம் செய்தாலும் எண் பெரிதாக மாறும். அங்கே ஒரு புள்ளி கூடியது, குறைந்தது என்று மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் உட்கார்ந்து படிக்க வேண்டியது இதன் கீழே இருக்கும் இரண்டு வரைபடங்களை. டோட்டல் டீவியேஷன், உங்கள் வயதுக்காரரின் நல்ல கண்ணிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும். பேட்டர்ன் டீவியேஷன், கண்புரை போன்றவற்றால் புலம் முழுக்கச் சமமாக மங்கியதைக் கழித்துவிட்டு, மிஞ்சி நிற்கும் பள்ளங்களை மட்டும் காட்டும். முதலாவது கறுத்து இரண்டாவது சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கண்புரையோ, தவறான லென்ஸோ, சிறிய கண்மணியோ காரணம். இரண்டிலும் ஒரே இடத்தில் கறுப்பு இருந்தால் அந்த இடத்தில் நிஜமான பள்ளம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வரைபடங்களின் அடியில் புள்ளிக் கட்டங்கள் இருக்கும். மிக லேசான கட்டம் 5 சதவீதம், பிறகு 2, 1, முழுக் கறுப்பு 0.5 சதவீதம். 5 சதவீதம் என்றால் இதே வயதில் நோயில்லாதவர்களில் இருபதில் ஒருவருக்குக் குறைவானவர்களுக்கே இந்த இடத்தில் இவ்வளவு குறைந்த அளவு வரும் என்று பொருள். 24-2இல் குருட்டுப் புள்ளிக்கான இரண்டு போக 52 இடங்கள். கணக்குப் போட்டால் நோயே இல்லாத கண்ணிலும் இரண்டு மூன்று லேசான கட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுவது இயல்பு என்பது புரியும். சிதறிக் கிடக்கும் கட்டங்களைவிட ஒட்டிக் கிடக்கும் கட்டங்களைத்தான் கவனிக்க வேண்டும். பேட்டர்ன் டீவியேஷனில் அடுத்தடுத்து மூன்று புள்ளிகளாவது 5 சதவீதத்துக்குக் கீழே, அவற்றில் ஒன்றாவது 1 சதவீதத்துக்குக் கீழே இருந்து, மறு சோதனையிலும் அதே இடத்தில் வந்தால் மருத்துவர்கள் அதைக் கிளாக்கோமாவுக்குரிய குறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வலது ஓரத்தில் சுருக்க எண்கள். ஜி.எச்.டி. என்பது மேல்பாதியின் ஐந்து பகுதிகளைக் கீழ்பாதியின் ஐந்து பகுதிகளோடு ஒப்பிட்டு, ‘வித்தின் நார்மல் லிமிட்ஸ்’, ‘பார்டர்லைன்’, ‘அவுட்சைட் நார்மல் லிமிட்ஸ்’ என்று ஒரு வரியில் சொல்லும். எம்.டி. என்பது மொத்தச் சராசரி விலகல். 0ஐ ஒட்டி இருந்தால் இயல்பு, மைனஸ் கூடக்கூட இழப்பு. கிளாக்கோமாவில் மைனஸ் 6 வரை தொடக்க நிலை, மைனஸ் 6 முதல் 12 வரை நடுநிலை, அதற்கும் கீழே முற்றியது என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். வி.எஃப்.ஐ. நூறு என்றால் முழுப்புலம், பூஜ்யம் என்றால் புலமே இல்லை. நடுப்பகுதிக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் எண் இது. வேறு கம்பெனிக் கருவியில் எடுத்த அறிக்கையோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை: ஆக்டோபஸ் கருவியில் எம்.டி. பிளஸ்ஸில் கூடினால்தான் இழப்பு, டெசிபெல் அளவுகோலும் வேறு. இரண்டு கருவியின் எண்களை அடுத்தடுத்து வைத்து “கூடிவிட்டது, குறைந்துவிட்டது” என்று முடிவுக்கு வரக்கூடாது. தலையில் மாட்டிக்கொண்டு செய்யும் புதிய கருவிகளுக்கும் இது பொருந்தும்.

பள்ளம் எந்தக் கோட்டில் நிற்கிறது

அறிக்கையின் நடுவே ஒரு கிடைக்கோடும் ஒரு நிலைக்கோடும் போகின்றன. கறுப்பு எந்தக் கோட்டில் வந்து சட்டென்று நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

விழித்திரையின் நரம்பிழைகள் நடுப்பகுதியை வளைத்துக்கொண்டு பார்வை நரம்புக்குப் போகின்றன. மேல்பாதி இழைகளும் கீழ்பாதி இழைகளும் கலப்பதில்லை. கிளாக்கோமா பார்வை நரம்பின் வாயிலிலேயே இழைகளைச் சேதப்படுத்துவதால் பள்ளம் வில்போல வளைந்து, கிடைக்கோட்டில் வந்து நிற்கும். மூக்குப் பக்கத்தில் கோட்டுக்கு மேலே ஒரு படி, கீழே ஒரு படி என்று வேறுபடுவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கண்ணுக்குள் உருவம் தலைகீழாக விழுவதால், மேல்பக்கப் பார்வை போனால் சேதம் விழித்திரையின் கீழ்ப்பாதியில். விழித்திரை நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் கீழ்ப்பகுதி நரம்பு மெலிந்திருந்து ஃபீல்டு டெஸ்டில் மேல்பகுதி கறுத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. இரண்டும் பொருந்தாவிட்டால் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள்.

கறுப்பு நிலைக்கோட்டில் நின்றால் யோசனை கண்ணைத் தாண்டி மூளைக்குப் போக வேண்டும். இரு கண்ணிலும் காதுப் பக்கம் மட்டும் போயிருந்தால், நரம்புகள் குறுக்கே மாறும் இடத்தைப் பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். இரு கண்ணிலும் ஒரே பக்கம், உதாரணமாக இரண்டிலும் இடப்பாதி போயிருந்தால், பக்கவாதம் போன்ற பாதிப்பு மூளையின் வலப்பக்கத்தில் இருக்கக்கூடும். இவர்கள் பெரும்பாலும் “இடது கண் தெரியவில்லை” என்றுதான் வந்து சொல்வார்கள். இரு கண்ணையும் தனித்தனியே சோதித்தால்தான் உண்மை வெளியே வரும். ஒரு கண்ணின் அறிக்கையை மட்டும் வாங்கிப் பார்ப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

நோயே இல்லாமல் வரும் கறுப்புகளும் உண்டு. விளிம்பை ஒட்டி வளையமாகக் கறுத்து, உள்ளே நன்றாக இருந்தால் லென்ஸ் விளிம்பின் வேலை. மேல் வரிசைகள் மட்டும் கறுத்தால் இமை. நான்கு மூலைகளிலும் நடுவை ஒட்டி வெளிச்சமாக இருந்து சுற்றிலும் கறுத்து, நான்கிதழ்ப் பூப்போலத் தெரிந்தால் சோர்வு: கருவி முதலில் அளக்கும் நான்கு இடங்களுக்கு மட்டும் ஒழுங்காக அழுத்திவிட்டு, பிறகு கவனம் போயிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவை செய்யும் சோதனையில் இவற்றில் ஒன்றாவது வருவது சகஜம். இரண்டாவது, மூன்றாவது தடவை பழக்கத்தினாலேயே அளவுகள் மேம்படும். ஆகவே ஒரே ஒரு அறிக்கையை வைத்து வாழ்நாள் மருந்தைத் தொடங்க வேண்டியிருந்தால், கண் அழுத்தம், நரம்பின் தோற்றம், ஸ்கேன் எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மோசமாகிறதா என்று எப்படித் தெரியும்

எம்.டி. இந்தத் தடவை ஒரு டெசிபெல் இறங்கியிருக்கிறது என்பதற்கு அநேகமாக ஒரு பொருளும் இல்லை. அது சோதனைக்குச் சோதனை வரும் ஊசலாட்டம். நிஜமான சரிவைப் பிரித்தறியப் பல அறிக்கைகள் வேண்டும். புதிதாகக் கிளாக்கோமா கண்டறியப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு ஃபீல்டு டெஸ்ட் என்று நிபுணர்கள் பரிந்துரைப்பது இதற்காகத்தான்: ஆண்டுக்கு 2 டெசிபெல் வேகத்தில் இழப்பவர்களை அப்போதுதான் காலத்தே பிடிக்க முடியும். “போன வருடம்தானே எடுத்தோம், மறுபடியும் எதற்குச் செலவு” என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் போன பார்வை திரும்பாது. அழுத்தத்தைக் குறைத்து மிச்சத்தைக் காப்பது மட்டுமே சிகிச்சை. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சொல்வது இந்தத் தொடர் அறிக்கைகள்தான்.

தொடர் அறிக்கையில் முக்கோணக் குறிகள் வரும். வெற்று முக்கோணம் அந்தப் புள்ளி முதல்முறை மோசமாகியிருப்பதைக் குறிக்கும். பாதி கறுத்தது அடுத்தடுத்து இரண்டு தடவை, முழுக்கக் கறுத்தது மூன்று தடவை. அதே மூன்று புள்ளிகளாவது மூன்று தடவை தொடர்ந்தால் ‘லைக்லி புரோகிரஷன்’ என்று கருவியே எழுதும். இது அடிப்படையாக எடுத்துக்கொள்வது முதல் இரண்டு அறிக்கைகளை. அவை பழக்கமின்மையால் மோசமாக வந்திருந்தால் பின்னால் வரும் உண்மைச் சரிவு மறைந்துவிடும். அடிப்படை அறிக்கைகளை மாற்றி அமைக்க முடியும், கேளுங்கள்.

பழைய அறிக்கை ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். மருத்துவமனை மாறினால், ஊர் மாறினால், காகிதம்தான் உங்கள் வரலாறு. வெப்பத்தாளில் அச்சிட்டது ஓரிரு ஆண்டில் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள். கூடியவரை ஒரே கருவி, ஒரே முறை, ஒரே லென்ஸ் பவர்.

24-2 எல்லாவற்றுக்கும் போதாது. அதில் நடு 10 டிகிரிக்குள் 12 புள்ளிகள்தான் விழுகின்றன. படிக்கத் தடுமாற்றம் வந்தவர்களுக்கும், இழப்பு நடுவை நெருங்கியவர்களுக்கும் 10-2 தேவை. முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும், விழித்திரையைப் பாதிக்கக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் ஆண்டுக்குள் ஒரு அடிப்படைக் கண் பரிசோதனையும், ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனையும் செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆண்டுப் பரிசோதனையை இன்னும் முன்பே தொடங்குவார்கள். ஆசிய மக்களில் இந்த மருந்தின் சேதம் நடுவிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்குவது அதிகம் என்பதால் 10-2 மட்டும் போதாது, 24-2 அல்லது 30-2 சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மாலைக்கண் நோய் உள்ள பரம்பரை விழித்திரைச் சிதைவுக்கு முழு ஓரம் வரை அளக்கும் கோல்ட்மன் வகைச் சோதனை பொருத்தம். பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத்துக்கு இரு கண்ணையும் திறந்துவைத்து 120 புள்ளிகளில் செய்யும் எஸ்டர்மன் சோதனை உண்டு. கார் ஓட்டக் கிடைக்கோட்டில் 120 டிகிரி அகலம், இரு பக்கமும் குறைந்தது 50 டிகிரி வேண்டும்.

வீட்டில் ஒரு நிமிடச் சோதனை

கருவி இல்லாத இடத்தில், பக்கவாதம் வந்தவருக்கோ படுக்கையில் இருப்பவருக்கோ இதைச் செய்யலாம். ஒரு மீட்டர் தூரத்தில், கண்கள் ஒரே உயரத்தில் இருக்கும்படி எதிரெதிரே உட்காருங்கள். அவர் உள்ளங்கையால் இடது கண்ணை மூட, நீங்கள் வலது கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் திறந்த கண்ணையே பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவழியில், மேல்வலம், மேல்இடம், கீழ்வலம், கீழ்இடம் என்று ஒவ்வொரு மூலையிலும் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து மட்டும் காட்டுங்கள். மூன்றையும் நான்கையும் ஓரப்பார்வையில் யாராலும் பிரித்துச் சொல்வது கடினம். கையை அசைக்காமல் காட்ட வேண்டும். அசைவு மட்டும் தெரிந்தும் ஊகித்துவிடுவார்கள். பிறகு இரு பக்கமும் ஒரே நேரத்தில் கையைக் காட்டி, இரண்டும் ஒரே தெளிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். சிவப்பு மூடியுள்ள பேனா ஒன்றிருந்தால் இன்னும் நல்லது: நிலைக்கோட்டின் இருபுறமும் மாற்றிக் காட்டி, ஒரு பக்கம் சிவப்பு வெளுத்துத் தெரிகிறதா என்று விசாரியுங்கள். மறு கண்ணுக்கும் இதேபோல.

இது பாதிப் புலம் போனதைக் காட்டிக்கொடுக்கும். தொடக்கநிலைக் கிளாக்கோமாவைக் கண்டுபிடிக்காது. ஆகவே எல்லா விரலும் தெரிந்தது என்பதால் ஃபீல்டு டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டாம். குடும்பத்தில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் ஒருபோதும் வேண்டாம். கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டையும் நடு 10 டிகிரியைத்தான் சோதிக்கிறது, பக்கப்பார்வையை அல்ல.

பக்கப்பார்வை திடீரென்று போனால் ஃபீல்டு டெஸ்டுக்கு நேரம் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. பாதிப் புலம் போவதோடு பேச்சு குழறினாலோ கை தளர்ந்தாலோ அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். ஒரு ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல மறைத்தாலோ, மின்னல் கீற்றுகளும் பூச்சிபோல மிதக்கும் புதிய கரும்புள்ளிகளும் தெரிந்தாலோ விழித்திரை பிரிகிறது என்று எண்ணி அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, இவற்றோடு பார்வை மங்கினால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமானால் மறு கண்ணும் போய்விடலாம்.